அகராதியில் கிடைத்த ஒரு சொல்

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில், ரோமப் பேரரசில் கிறித்தவம் பரவிய வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தை அடுத்த கிராமப் பள்ளி எங்களுடையது. கூடுதல் செய்திகளைத் தேடி வருமாறு மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் ‘பேகன்’ என்ற சொல்லைப் பார்த்திருக்கிறாள். பழைய அகராதி ஒன்றில் அதற்குப் பொருள் தேடியபோது, ‘அஞ்ஞானி, விக்கிரகத்தை வணங்குபவர்’ என்று இருந்ததாம்.

“சார், எங்க ஆயா வருஷா வருஷம் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்குது. அப்போ அது அஞ்ஞானியா?” என்று கேட்டாள்.

வகுப்பு அமைதியானது. தேவாலயத்துக்குச் செல்லும் மாணவன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். “அது அந்தக் காலத்து வார்த்தை, விடும்மா” என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அது சரியான பதில் அல்ல என்பது அன்று மாலையே எனக்கு உறுத்தியது. அவள் ஆயாவுக்கும் அந்த மாணவனுக்கும் சேர்த்தே நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘பேகன்’ என்பதன் மூலம் ‘பாகானுஸ்’ என்ற இலத்தீன் சொல். ஊர்ப்புறத்தில் வாழ்பவர் என்பதே அதன் பழைய பொருள். கி.பி. 4ஆம் நூற்றாண்டு வாக்கில், பழைய தெய்வங்களை வணங்கியவர்களைக் குறிக்கக் கிறித்தவர்கள் அச்சொல்லைப் பயன்படுத்தினர். நாம் ‘பட்டிக்காட்டான்’ என்று சொல்வதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்த மக்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர் அல்ல அது.

இந்தச் சிக்கலை நம் மண்ணிலேயே விளக்கும் ஒருவர் இருக்கிறார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் போதகர் சீகன்பால்கு. ‘அக்கியானம்’ என்ற தலைப்பில் அவர் எழுதிய சிறு நூல் 1713இல் அங்கு அச்சாயிற்று. அஞ்ஞானத்தை வெறுத்து ஒதுக்க வேண்டும் என்பதே அதன் செய்தி. அதே மனிதர்தான் தமிழ் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, 1708இல் அவற்றுக்குப் பட்டியல் தயாரித்தார். நாம் தொடக்க வகுப்புகளில் சொல்லித்தரும் கொன்றை வேந்தனை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

‘அக்கியானம்’ அச்சான அதே 1713இல், தென்னிந்தியத் தெய்வங்களின் வரிசையை விளக்கும் பெருநூல் ஒன்றையும் எழுதி முடித்தார். சிவன், திருமாலோடு நிற்காமல் ஐயனார், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி ஆகிய ஊர்த் தெய்வங்களுக்கும் அதில் இடம் தந்தார். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்து வளரும் நம் விழுப்புரம் மாவட்டப் பிள்ளைகளுக்கு அங்காளம்மனை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. சீகன்பால்கு ஏடுகளைப் படித்தார். தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய மறுமொழிக் கடிதங்களையும் பெற்றார்.

அவரை அனுப்பிய ஹாலே நகரத்தாருக்கு அந்நூல் உவப்பாக இல்லை. போதகரின் வேலை அஞ்ஞானத்தை ஒழிப்பதுதான், அதைப் பற்றி ஐரோப்பாவில் பரப்புவது அல்ல என்பது அவர்கள் எண்ணம். கையெழுத்துப் படி 154 ஆண்டுகள் கிடந்து, 1867இல் சென்னையில்தான் அச்சாயிற்று. 1711இல் அவர் எழுதிய மற்றொரு நூல் 1926 வரை காத்திருந்தது.

பிறர் சமயத்தை நம் சமயத்தில் நின்று எழுதுவது ஐரோப்பியருக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில் பல சமயத்தாரின் கொள்கைகளும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. சொல்வதோ பௌத்தக் காப்பியம். திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டாரின் மாணவரான அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற சமயக் கொள்கைகளை எடுத்துக்கூறி மறுக்கிறார். அது சைவ நூல். இவற்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. யார் நின்று பேசும் இடம் எது என்று தெரிந்து படித்தால் போதும்.

கள ஆய்வு வளர்ந்த பிறகு எழுதும் முறையும் மாறியது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் நம் செஞ்சிப் பகுதிக்கு வந்து தெருக்கூத்தைப் பார்த்தார். கூத்துக் கலைஞர்களிடமும் பூசாரிகளிடமும் கேட்டறிந்தார். திரௌபதி வழிபாடு பற்றிய அவருடைய நூல் 1988, 1991ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அந்த மாணவியின் ஆயா செய்யும் வழிபாடு, உலகப் பல்கலைக்கழகங்களில் படிக்கப்படும் பொருளாக இருக்கிறது.

அடுத்த வாரம் இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லி, கரும்பலகையில் நான்கு கேள்விகளை எழுதினேன்.

1. இதை எழுதியவர் யார், எப்போது எழுதினார்?
2. யார் படிப்பதற்காக எழுதினார்?
3. அந்த மக்களிடம் கேட்டு எழுதினாரா, கேள்விப்பட்டதை எழுதினாரா?
4. இந்தப் பெயரால் அந்த மக்கள் தம்மை அழைத்துக்கொள்கிறார்களா?

பிறகு, வேறு ஒரு சமயத்தைச் சேர்ந்த வீட்டாரிடம் கேட்டு, அவர்களுடைய விழா ஒன்றைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னேன். எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டி, “சரிதான்” என்று அவர்கள் சொன்ன பிறகே கொண்டுவர வேண்டும் என்பது விதி.

தலைகுனிந்த மாணவன் தீமிதியைப் பற்றி எழுதினான். ஆயா இரண்டு திருத்தங்கள் சொன்னாராம். காப்புக் கட்டும் நாளை அவன் விட்டுவிட்டிருந்தான். பயத்தோடு மிதிப்பதாக எழுதியிருந்ததை, வேண்டுதலோடு மிதிப்பதாக மாற்றச் சொல்லியிருக்கிறார். அந்த மாணவி ஈஸ்டர் பற்றி எழுதிவந்தாள்.

பழைய அகராதி இன்னும் எங்கள் நூலக அலமாரியில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு கேள்விகளையும் ஓர் அட்டையில் எழுதி அதனுள் வைத்திருக்கிறோம்.