மரம் யாருடையது?

நைஜர் நாட்டின் தெற்கே, நைஜீரிய எல்லையை ஒட்டியவை மராடி, ஜிண்டர் வட்டாரங்கள். மழை ஜூன் முதல் செப்டம்பர் வரைதான்; அதையும் நம்ப முடியாது. அதற்குள் ஹௌசா உழவர்கள் மணற்பாங்கான நிலத்தில் கம்பும் சோளமும் விதைத்து, ஊடே தட்டைப்பயறு போடுகிறார்கள். அறுவடை முடிந்ததும் ஃபுலானி இடையர்களின் மாடுகள் தட்டையை மேய்ந்து சாணம் இட்டுப் போகும்; கிடை போடுவது போன்ற ஏற்பாடு. 1968-இல் தொடங்கிய வறட்சியும் 1984 வறட்சியும்தான் இந்த நிலத்தை மொட்டையடித்தன என்பார்கள். அது பாதி உண்மை. பிரெஞ்சு ஆட்சியின் வனச் சட்டம் மரங்களை அரசின் சொத்தாக்கியிருந்தது. 1960-இல் விடுதலை வந்த பிறகும் அந்த நிலை நீடித்தது. சொந்த வயலில் கிளை வெட்டினாலும் அபராதம் என்றால், முளைக்கும் துளிரை யார் காப்பார்? களையோடு களையாகக் கொத்தி எறிவதே விவேகம்.

நாற்று நட்டு நட்டுத் தோற்றுப்போன ஆஸ்திரேலியர் டோனி ரினாடோ, 1983 வாக்கில் ஒன்றைக் கண்டுகொண்டார்: வயலில் புதராகத் தெரிந்தவை வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைத் துளிர்கள். வேர் சாகவில்லை. சில தண்டுகளை மட்டும் விட்டுக் கவாத்து செய்தால் மரம் எழுந்துவிடும். இது உழவருக்குப் புதிய வித்தை அல்ல; அவர்களிடம் இல்லாதிருந்தது உரிமை. வனத்துறையின் பிடி தளர, வளர்த்தவருக்கே மரம் என்ற எண்ணம் ஊன்றியது. இருபதே ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. அவற்றில் ‘காவோ’ என்னும் வேல மரம் விசித்திரமானது. மழைக்காலத்தில் இலையுதிர்த்துக் கம்புக்கு வெயில் விடும். கோடையில் தழைத்து ஆடுமாடுகளுக்கு நெற்றும் நிழலும் தரும்.

மழை தேறியதால் மரம் வந்தது என்று மறுக்கலாம். தேறியது மெய்தான். ஆனால் எல்லைக்கு அப்பால் வடநைஜீரியாவிலும் ஒத்த மண்தான், மழை சற்றுக் கூடுதல், மக்களும் ஹௌசாக்களே. செயற்கைக்கோள் படங்களிலோ நைஜர் பக்கமே மரங்கள் அடர்ந்திருக்கின்றன. மழை எல்லைக்கோடு பார்த்துப் பெய்வதில்லை. ஜனம் பெருகினால் மரம் அழியும் என்ற வாதமும் நிற்கவில்லை: நெருக்கமாகக் குடியிருக்கும் ஜிண்டர் பகுதியில்தான் மரங்கள் மிகுந்தன. ஆள் கூடக்கூட விறகுக்கும் தழைக்கும் விலை கூடுகிறதே!

2005-இல் பட்டினி வந்ததே என்பது வலுவான எதிர்வாதம். மரம் கம்பு காய்க்காது. விற்க விறகும் கால்நடைக்குத் தழையும் தந்து, விளைச்சல் பொய்த்த ஆண்டைக் கடக்க உதவும், அவ்வளவே. என்னை உறுத்துவது வேறு. மரத்துக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டதால், காய்ந்த மாதங்களில் கிளை ஒடித்து மந்தைக்குப் போட்ட ஃபுலானி இடையரின் பழைய வழக்கம் இன்று களவாகிவிட்டது.