ஆடி 18-க்குத் தாங்குமா சின்ன அடுக்கு?

அமேசானின் ஆர்டிஎஸ் டேட்டாபேஸ் சேவையில் மைஎஸ்க்யூஎல் 8.0-க்கான வழக்கமான ஆதரவு 2026 ஜூலை 31-உடன் முடிகிறது. அடுத்த சில நாளில் ஆடி 18. சிவகாசி அச்சகங்கள் புத்தாண்டுக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிடும் நாள்; அவர்களின் டேட்டாபேஸுக்கு நெரிசலான நாள். ‘பெரிய அடுக்குக்கு, அதாவது பெரிய சர்வர் அளவுக்கு, மாறிவிட்டால் போதுமா?’ என்றுதான் அங்கிருந்து எனக்கு வரும் பெரும்பாலான கடிதங்கள் கேட்கின்றன.

போதாது. கெடு பதிப்புக்குத்தான், அடுக்குக்கு இல்லை. பழைய பதிப்பிலேயே இருந்தால் ‘நீட்டித்த ஆதரவு’ என்ற கௌரவமான பெயரில், ஒவ்வொரு விர்ச்சுவல் சிபியுவுக்கும் மணிக்கணக்கில் கட்டணம் விழும். சிபியு கூடினால் அதுவும் கூடும். மிகச் சிறிய டி3 மைக்ரோ அடுக்கிலேயே சிபியு இரண்டு; அங்கே வாடகையைவிட இந்தக் கட்டணம் பல மடங்கு.

அடுக்கு விஷயத்தில் என்னை உறுத்துவது ‘பர்ஸ்டபிள்’ வகை. தேவைப்படும்போது வேகமெடுக்கும் என்பது விளம்பரம். உண்மையில், இந்த வகையைச் சேர்ந்த டி3 மைக்ரோவில் உங்களுக்கு நிரந்தரமாகக் கிடைப்பது ஒவ்வொரு சிபியுவிலும் 10 சதவீதம். மணிக்கு 12 கிரெடிட் வரவு. ஒரு சிபியு ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு கிரெடிட் செலவு. சேர்த்துவைக்க உச்சவரம்பு 288, அதாவது ஒரே ஒரு நாள் வரவு. மாசியிலும் பங்குனியிலும் சும்மா கிடந்ததெல்லாம் ஆடிக்குக் கைகொடுக்காது! ஆல்பம் வந்த அன்று காலண்டர் ஏஜென்ட்டுகள் எல்லாரும் விலைப்பட்டியலைத் திறந்து, இரண்டு சிபியுவும் முழுசாக ஓடினால் கையிருப்பு மூன்று மணி நேரத்துக்குள் காலி. அதன்பின் ஆர்டிஎஸ்ஸில் வேகம் குறையாது. 24 மணி நேரச் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினால் தனி பில் வரும். மைக்ரோசாஃப்ட் அஸூரில் பில் ஏறாது, வேகம் விழும். வியாபார நாளில் இரண்டில் எது மேல்? பில்தான்.

சீசனுக்கு மட்டும் பெரிய அடுக்கு? எடுக்கலாம், மாற்றும்போது சில நிமிடம் டேட்டாபேஸ் நிற்கும், ராத்திரியில் செய்யுங்கள்.

ஸ்டோரேஜ்? ஏற்றலாம், நேரடியாக இறக்க முடியாது.

சீசன் முடிந்ததும் நிறுத்திவைப்பது? ஆர்டிஎஸ் 7 நாளில் தானே எழுந்துகொள்ளும்.

99.95 சதவீத உத்தரவாதம்? மல்டி-ஏஇசட் (வேறொரு மையத்தில் தயார்நிலை நகல்) எடுத்தவருக்குத்தான், தவறினால் பில்லில் கழிவு கிடைக்கும், போன ஆர்டர் கிடைக்காது.

மைஎஸ்க்யூஎல் 8.4 பதிப்புக்கு மாறுவதை டேட்டாபேஸின் ஒரு நகலில் இப்போதே ஓட்டிப் பாருங்கள், உங்கள் பில்லிங் மென்பொருளை எழுதியவர் ஃபோன் எடுக்கும் நாளிலேயே.