கடலுக்கடியில் ஒரு காடு

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நம் சங்க அன்பர்கள் பலர், கோல்டன் கேட் பாலத்தையும் லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயிலையும் புகைப்படத்தில் காட்டுவார்கள். அங்கிருந்து தெற்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் ஒரு காடு இருக்கிறது. அதில் நிற்பவை நூறடி உயரம்கூட வளரக்கூடியவை. அவற்றுக்கிடையே பறவைகள் இல்லை, மீன்கள்தாம் பறக்கின்றன. மாண்டரே வளைகுடாவில், கடலுக்கு அடியில் உள்ள காடு அது. 2024 செப்டம்பரில் ஒரு நாள் அதற்குள் திரியும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

நாங்கள் மூவர். செம்பூரில் ஒரே அறையில் ஸ்டவ் வைத்துப் பொங்கித் தின்ற காலத்து நண்பர்கள். நாகர்கோவில்காரனும் கும்பகோணத்தானும் கம்ப்யூட்டர் வேலையாக சான் ஹோஸே பக்கம் போய்விட்டார்கள்; தூத்துக்குடிக்காரனான நான் மும்பையோடு நின்றுவிட்டேன். மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. கும்பகோணத்தான் பதினைந்து வருடமாக அங்கே முக்குளிப்பவன். நானும் நாகர்கோவில்காரனும் அந்தமானில் ஹேவ்லாக் தீவில் (2018 முதல் அதற்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர்) பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் சிலிண்டரை வாடகைக்குக்கூடத் தரமாட்டார்கள்.

சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள்.

அந்தமான் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும். மாண்டரேயில் அன்று 13 டிகிரி. மும்பைவாசிக்கு அது ஃபிரிட்ஜுக்குள் இறங்குவது மாதிரி. 7 மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர் உடை, தலைக்கு அதிலேயே ஒரு குல்லா, கையுறை, காலுறை. அந்த உடை ஆளை மிதக்க வைத்துவிடும் என்பதால் இடுப்பில் ஈயக் கட்டிகள் வேறு. சான் கார்லோஸ் கடற்கரைப் படிகளில் இந்தச் சுமையோடு இறங்கியபோது, பக்கத்து அலைதடுப்புச் சுவரின் கோடியில் கிடந்த கடற்சிங்கங்கள் குரைத்த குரைப்பு எங்களைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது.

இறங்கும் முன் கும்பகோணத்தான் ஒரே ஒரு பாடம் சொன்னான். "கொடி மாட்டிக்கிட்டா சுத்தாதே. இழுத்தா ரப்பர் மாதிரி நீளும். வெண்டைக்காய் முனையை ஒடிக்கிற மாதிரி மடக்கி ஒடி. பட்டுன்னு போயிடும்."

கொடி என்று அவன் சொன்னது கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசியை. பார்வைக்கு மரம் போலிருந்தாலும் இது மரமில்லை. ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கிறார்களே, அந்தக் கடற்பாசிகளைப் போல இதுவும் பாசிதான். வேர் மாதிரி இருப்பது பாறையைப் பற்றிக்கொள்ள மட்டுமே. உணவை உடம்பு முழுவதாலும் கடல்நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வோர் இலையின் அடியிலும் காற்று நிறைந்த சிறு குமிழ் ஒன்று இருந்து, தண்டைச் சூரியனை நோக்கித் தூக்கி நிறுத்துகிறது. நல்ல பருவத்தில் ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல், சில வேளை இரண்டடி வரைகூட வளருமாம்.

முப்பது அடி ஆழத்துக்குப் போய் நிமிர்ந்து பார்த்தேன். பொன்னிறத் தண்டுகள் கற்றை கற்றையாக மேலே போய், இலைகள் கூரை போட்டு, இடுக்குகளில் வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. அலை வரும்போது காடு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, நிதானமாகத் திரும்புகிறது. நீலப் பாறைமீன்கள் கூட்டமாக அசையாமல் நின்றன. சீல் ஒன்று வந்து என் காலில் கட்டியிருந்த துடுப்பைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. கேட்ட ஒரே சத்தம் எங்கள் மூச்சுதான்.

திரும்பும் வழியில் நாகர்கோவில்காரன் சட்டென்று நின்றான். முதுகுப்புறம் சிலிண்டர் வால்வில் ஒரு தண்டு சுற்றியிருந்தது. அவனால் பார்க்கவும் முடியாது, கையும் எட்டாது. மாட்டிய இடத்தில் அசையாமல் நின்று என்னைப் பார்த்தான். நான் பின்னால் போய் மடக்கி ஒடித்தேன். பத்து விநாடி வேலை. ஆனால் அந்தப் பத்து விநாடியும் அவன் கண்கள் கண்ணாடிக்குள் இருந்த விதம் எனக்கு மறக்காது. முத்துக்குளிக்க இறங்குகிறவன், படகில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். தங்கை தாலி இருக்கிறதே, கயிற்றை விடமாட்டானாம்! ஸ்கூபாவில் தனியாக இறங்காதே என்ற விதி இருப்பதும் இதற்காகத்தான்.

மதியம், கொண்டுபோன புளியோதரைக்குப் பிறகு, அதே கரையில் சற்றுத் தள்ளி இறங்கினோம். அங்கே காடு இல்லை. வெறும் பாறை, அதன்மேல் கம்பளம் விரித்தாற்போல் ஊதா நிறக் கடல் முள்ளெலிகள். கும்பகோணத்தான் கையை அகல விரித்துக் காட்டினான். இங்கேயும் முன்பு காடுதான் இருந்தது என்று மேலே வந்தபின் சொன்னான்.

நடந்தது இதுதான். 2013ல் நட்சத்திர மீன்களைக் கரைத்துவிடும் ஒரு நோய் அந்தக் கடலில் பரவியது. முள்ளெலிகளைத் தின்று வந்த, இருபதுக்கும் மேற்பட்ட கைகளோடு ஒரு மீட்டர் அகலம்கூட இருக்கும் சூரியகாந்தி நட்சத்திர மீன் கலிபோர்னியாவில் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அடுத்து 2014 முதல் 2016 வரை கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடானது. கெல்ப்புக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். தின்பவன் போய், பயிரும் மெலிந்ததும் முள்ளெலிகள் பாறையிடுக்கை விட்டு வெளியே வந்து மேய்ந்துவிட்டன. வடக்குக் கலிபோர்னியாவில் அங்கத்திய கெல்ப் காட்டில் 90 சதவிகிதத்துக்கு மேல் போய்விட்டது.

மாண்டரேயில் கொஞ்சமாவது மிஞ்சியிருப்பதற்கு ஒரு காரணம் கடல் நீர்நாய். ரோமத்துக்காக வேட்டையாடி அழித்துவிட்டதாகவே நினைத்திருந்த இந்தப் பிராணி, 1938ல் சுமார் ஐம்பது என்ற கணக்கில் பிக் ஸர் கரையோரம் மறுபடி கண்ணில் பட்டது. நாங்கள் பார்த்தது ஒன்று, தூளியில் குழந்தை போல் கெல்ப்பைச் சுற்றிக்கொண்டு மல்லாந்து தூங்கியது. அப்படியானால் அது ஏன் மொட்டைப் பாறை முள்ளெலிகளைத் தின்று தீர்ப்பதில்லை? 2021ல் வெளியான ஆய்வு விடை சொல்கிறது: பட்டினி கிடக்கும் முள்ளெலிக்குள் ஒன்றும் இருப்பதில்லை. நீர்நாய் விவரமானது, வெற்று ஓட்டுக்காக மெனக்கெடாது. கெல்ப்புக்குள் இருக்கும் கொழுத்தவற்றையே தின்கிறது. அதனால் இருக்கும் காடு பிழைக்கிறது, போன காடு திரும்புவதில்லை. முள்ளெலியோ பட்டினியிலேயே பல வருடம் உயிரோடிருக்கும்.

டேங்கர்ஸ் ரீஃப் என்ற இடத்தில் முக்குளிப்பவர்களே சுத்தியலால் முள்ளெலிகளை உடைக்கலாம் என்று 2021ல் மாநில அனுமதி வந்ததும், கும்பகோணத்தான் பல ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கிறான். முட்டைகூடத் தொடாதவன்! "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அந்தக் காட்டை நான் முழுசாப் பாத்திருக்கேன்டா" என்றான். நாகர்கோவில்காரன் ஒப்புக்கொள்ளவில்லை, கடலைச் சுத்தியலால் சரிசெய்ய முடியுமா என்று கேட்டான். வீடு வந்து சேரும்வரை வாதம். எனக்குக் கும்பகோணத்தான் பக்கம்தான் மனம் போகிறது.

அந்த நட்சத்திர மீன் நோய்க்குக் காரணம், காலராக் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா என்று 2025 ஆகஸ்டில் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். உடனே கும்பகோணத்தானிடமிருந்து போன். அங்கே அப்போது விடியற்காலை நாலு மணி.

நீச்சல் தெரியாதவர்களும் இந்தக் காட்டைப் பார்க்கலாம். மாண்டரே பே அக்வேரியத்தில் 1984 முதல் 28 அடி உயரக் கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள கெல்ப்பையே வளர்க்கிறார்கள். மீன்களுக்குத் தீனி போட உள்ளே இறங்குகிறவர், முகமூடிக்குள் உள்ள மைக் வழியாக வெளியே நிற்பவர்களோடு பேசுவார். பேரப்பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த நேரத்தை வாசலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.