வேலைக்குப் போகும் ரயில் நின்றால் நுரையீரலுக்கு என்ன ஆகும்?

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். கோலார் தங்கவயலுக்கு ஊரடங்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. பயணிகள் ரயில்கள் அனைத்தையும் நிறுத்துவதாக ரயில்வே 22ஆம் தேதியே சொல்லிவிட்டது. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஆளேற்றி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரு போகும் ரயில்தான் அந்த ஊரின் சம்பளக் கவர். அது நின்றால் மாதமும் நின்றது.

120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் தந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. வட ஆற்காடு, தருமபுரி, சித்தூர் பக்கங்களிலிருந்து தாத்தா காலத்தில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. சுரங்கத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லைன் வீடுகளிலேயே இருந்துகொண்டு, விடியுமுன் எழுந்து, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போய் வரத் தொடங்கினார்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கார்மெண்ட்ஸ், கட்டட வேலை, ஆஸ்பத்திரி வேலை, படித்த பிள்ளைகளுக்கு ஐ.டி. கம்பெனி. பெரும்பாலானவை அன்றன்று போனால்தான் கூலி என்கிற வகை.

ஊரடங்குக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது, அது தப்பான கணக்கும் இல்லை. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார் என்ற எண் ஒன்றுக்கு மேல் இருக்கும்வரை கொள்ளைநோய் பெருகும். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் வாடும். கோவிட்டின் தொடக்கத்தில் அந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருந்தது. தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை. மனிதர்கள் சந்தித்துக்கொள்வதைக் குறைப்பது ஒன்றே கையிலிருந்த கருவி. ஊரடங்குக்கு முன் 3.4 நாளில் இரட்டித்த தொற்று எண்ணிக்கை, ஏப்ரல் 20 வாக்கில் 7.5 நாள் எடுத்துக்கொண்டது என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது. ஆக, ஊரடங்கு நேரத்தை வாங்கித் தந்தது. ஆனால் அந்த நேரத்துக்கான விலை எல்லோரிடமும் ஒரே மாதிரி வசூலிக்கப்படவில்லை.

அந்த ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தபோது கோலார் பச்சை மண்டலம். மே இரண்டாம் வாரம் வரை மாவட்டத்தில் ஒரு கோவிட் தொற்றுகூடப் பதிவாகவில்லை. பெங்களூரு நகரமோ சிவப்பு. இருக்கும் ஊர் பச்சை, சம்பளம் வரும் ஊர் சிவப்பு. வண்ணம் பூசியவர்கள் மனிதர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று பார்த்தார்கள், எங்கே உழைக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. ஒரு தொற்றும் பதிவாகாத ஊர் ஏழு வாரக் கூலியை இழந்தது. கடைகள் திறந்த பிறகும் பல மாதங்களுக்குப் பழைய சீசன் டிக்கெட் ரயில் திரும்பவில்லை. பைக்கில் போனால் பெட்ரோலுக்கே பாதிக் கூலி போய்விடும்.

பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட உழைக்கும் இந்தியா பற்றிய அறிக்கை இந்த இழப்பை நாடு தழுவிய அளவில் எண்ணாக்கியது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் சுமார் 10 கோடிப் பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு அந்த ஆண்டின் இறுதியிலும் வேலை திரும்பவில்லை. தேசியக் குறைந்தபட்சக் கூலி என்ற கோட்டுக்குக் கீழே புதிதாக விழுந்தவர்கள் 23 கோடி. என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு எண்: வேலையில் இருந்தவர்களில், அதை இழந்து ஆண்டு முடிவதற்குள் திரும்ப முடியாமல் போன ஆண்கள் 7 சதவீதம், பெண்கள் 47 சதவீதம். தங்கவயல் ரயிலின் மகளிர் பெட்டியை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் பொருளைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கோலார் மாவட்டத்துக்குள்ளேயே வேலை இருந்த இடங்களிலும் கூலி ஒழுங்காக இல்லை. 2020 டிசம்பர் 12 அன்று நரசாபுரத்தில் ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையில் தொழிலாளர்கள் கொந்தளித்துக் கண்ணாடிகளை நொறுக்கியதற்குக் காரணம் சம்பளத் தகராறு. வன்முறைக் காட்சிகளை உலகமே பார்த்தது. தொழிலாளர் சட்ட மீறல்கள் நடந்ததாக விசாரணையில் தெரியவந்ததை அவ்வளவு பேர் படித்திருக்க மாட்டார்கள்.

இனி நுரையீரலுக்கு வருவோம். தங்கவயலில் கூலியைப் பற்றிப் பேசினால் நுரையீரலைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

தங்கம் அங்கே குவார்ட்ஸ் பாறையில் ஓடியது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் அந்தப் பாறையைத் துளைத்து, வெடித்து, அள்ளும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள்கள் உண்டு. சில மைக்ரான் மட்டுமே உள்ளவை மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் காற்றுப் பைகள் வரை இறங்கிவிடும். அங்கே காவலுக்கு இருப்பவை பெருவிழுங்கி செல்கள். கிருமியை விழுங்கிச் செரிப்பது அவற்றின் வேலை. சிலிக்காவையும் விழுங்குகின்றன, செரிக்க முடிவதில்லை. துகள் உள்ளேயே செல்லைக் கிழிக்கிறது, செல் சாகிறது, துகள் வெளியே விழுகிறது, அதை அடுத்த செல் விழுங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அழற்சி, அதன்மேல் தழும்பு. பஞ்சு போல விரிய வேண்டிய நுரையீரல் இறுகிப்போகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானதே இதே கோலார் சுரங்கங்களில்தான். 1940களில் காப்லான், பர்டன் என்ற இருவர் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது 43.7 சதவீதம் பேருக்கு அது இருந்தது.

சுரங்கத்தை மூடினாலும் இந்த நோயை மூட முடியாது. தூசியைச் சுவாசிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்தும் தழும்பு வளரும். 2001இல் முப்பது, நாற்பது வயதில் கடைசியாகச் சுரங்கக் கூண்டிலிருந்து மேலே வந்தவர்கள் 2020இல் ஐம்பதையும் அறுபதையும் தொட்டிருந்தார்கள், அதாவது கோவிட் கடுமையாகத் தாக்கும் வயதில். தங்கம் பிரித்தெடுத்தபின் மிஞ்சி, ஊருக்குள் 3 கோடி டன்னுக்கும் மேல் குவிந்துகிடக்கும் சயனைடு மண்மலைகள் வேறு, ஆடிக் காற்றில் இன்றைக்கும் அந்தப் பொடியைத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

காசநோய்க் கிருமி குடியிருக்கும் இடமும் அதே பெருவிழுங்கி செல்தான். காவலாளி ஏற்கெனவே சிலிக்காவால் நொந்துபோயிருந்தால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அப்படிப்பட்டவரும் அவருடைய மகனும் மருமகளும் பேரப் பிள்ளைகளும் ஒரே அறை லைன் வீட்டில் நாள் முழுக்க அடைந்திருந்தார்கள். 'வீட்டிலேயே இருங்கள்' என்ற அறிவுரை, வீட்டில் ஒன்றுக்கு மேல் அறை இருப்பவர்களை நினைத்து எழுதப்பட்டது.

நாட்டில் 2019இல் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020இல் அது 18 லட்சம். நோய் குறைந்ததாக யாரும் மகிழவில்லை, கண்டுபிடிப்பது குறைந்தது. இருமினாலே ஒதுக்கிவைப்பார்கள் என்ற பயம், பஸ் இல்லாத ஆஸ்பத்திரி, கோவிட் பணிக்கு மாற்றப்பட்ட ஊழியர்கள் எனப் பல காரணங்கள். பெங்களூருவில் காசநோய்க்காக உருவாக்கப்பட்ட ட்ரூநாட் கருவியும் கோவிட் சோதனைக்குத் திருப்பிவிடப்பட்டது. உலகளவில் காசநோய் இறப்பு பத்தாண்டுகளுக்கு மேலாகக் குறைந்து வந்து, 2020இல் முதல் முறையாக ஏறியது.

கூலியும் நுரையீரலும் சந்திக்கும் இடம் சோற்றுத் தட்டு. இதை இப்போது சோதனை முடிவோடு சொல்ல முடிகிறது. மங்களூரு ஏனெபோயா மருத்துவக் கல்லூரியின் அனுராக் பார்கவா குழு ஜார்க்கண்டில் 2019இல் தொடங்கி ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. காசநோயாளிகளின் வீட்டில் இருப்போருக்கு மாதந்தோறும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அது கிடைக்காத குடும்பங்களோடு ஒப்பிட்டால் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி செய்ய வேண்டியதை அரிசியும் பருப்பும் செய்தன என்று சொன்னால் மிகையாகாது. 2023இல் இது 'லான்செட்' இதழில் வந்தது.

ஊரடங்கில் ரேஷனில் இலவசமாகக் கிடைத்தது தலைக்கு 5 கிலோ தானியம், குடும்பத்துக்கே ஒரு கிலோ பருப்பு. அரிசிக் கணக்கு ஜார்க்கண்ட் ஆய்வோடு பொருந்துகிறது. பருப்பில் பார்த்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஏழரைக் கிலோ வேண்டிய இடத்தில் ஒரு கிலோ. அந்த அரிசி பட்டினியைத் தடுத்தது, அதை மறுப்பது நன்றி கெட்ட பேச்சு. ஆனால் முட்டையும் பருப்பும் பாலும் கூலியில்தான் வந்துகொண்டிருந்தன. கூலி போனபோது அவையும் போயின. பொருளாதாரமா உயிரா என்று அந்த ஆண்டு தொலைக்காட்சிகள் நடத்திய பட்டிமன்றங்கள் அர்த்தமற்றவை என்று நான் கருதுவது இதனால்தான்.

ஊரடங்கு வாங்கித் தந்த நேரத்தில் என்ன செய்தோம் என்பதற்கும் தங்கவயலிலேயே பதில் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்டு, ஒரு காலத்தில் சுற்றுவட்டாரமே நம்பியிருந்த பெரிய ஆஸ்பத்திரி, சுரங்கத்தோடு சேர்ந்து பூட்டப்பட்டுக் கிடந்தது. முதல் ஊரடங்கில் யாரும் அதைத் திறக்கவில்லை. 2021 மே மாதம் இரண்டாம் அலையில், கர்நாடகம் மறுபடி முடங்கி, சாமராஜநகர் மாவட்ட ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் தட்டுப்பாட்டுக்கு நடுவே 24 பேர் இறந்த செய்தி வந்த பிறகுதான், தன்னார்வலர்கள் துடைப்பத்தோடு உள்ளே போய் இருபதாண்டுக் குப்பையை அள்ளிக் கொட்டி, கோவிட் மையமாக்கினார்கள். அவர்களுக்குக் கும்பிடு. ஆனால் அது 2020 ஏப்ரலில் அரசு செய்திருக்க வேண்டிய வேலை.

அடுத்த கொள்ளைநோய்க்குத் திட்டம் போடுகிறவர்கள் ரயில் அட்டவணையையும் ரேஷன் பருப்பையும் மருத்துவக் கருவிகளாகவே எண்ண வேண்டும். அதுவரை காத்திருக்காமல் தங்கவயல்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர் யாராவது இருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, படியேறினால் மூச்சுவாங்குதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எத்தனை ஆண்டு, எந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தார் என்பதை நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். இளம் மருத்துவர்களுக்கு அதைக் கேட்கத் தோன்றாமல் போகலாம். மார்பு எக்ஸ்ரேயோடு சளிப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 2024 நவம்பர் முதல் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கிறார்கள்.