துளை சிறிது, காயம் உள்ளே

"நாலு துளைதான் போட்டாங்க, தையல்கூடத் தெரியலை." கர்ப்பப்பைக் கட்டியை (ஃபைப்ராய்டு) லேப்ராஸ்கோப்பியில் எடுத்துக்கொண்டு ஓரிரு நாளில் வீடு திரும்பும் பெண்கள், பார்க்க வருகிறவர்களிடம் இப்படித்தான் சொல்கிறார்கள். வயிற்றைத் திறந்து செய்வதைவிட வலியும் இரத்த இழப்பும் குறைவு என்பது உண்மை. ஆனால் சிறுத்தது தோலில் போட்ட வெட்டு மட்டும்தான். உள்ளே கர்ப்பப்பையின் சதையைக் கீறி, ஃபைப்ராய்டைப் பெயர்த்து, மறுபடி தைத்திருக்கிறார்கள். சிக்கல்கள் அரிது; வந்தால், சில நேரம் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் தலைகாட்டும்.

தோள்பட்டை வலி

ஆபரேஷனின்போது வயிற்றை உப்பவைக்கக் கரியமில வாயு செலுத்துவார்கள். மிச்ச வாயு உதரவிதானத்தை உறுத்த, வலி தோளில் தெரியும். எழுந்து நடமாட, ஓரிரு நாளில் அடங்கிவிடும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் அது வாயு அல்ல, இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நேற்றைவிட இன்று எப்படி?

மிகவும் பயப்பட வேண்டியது குடல் காயம். இரத்தத்தை நிறுத்தப் பயன்படும் மின்கருவியின் சூடு குடலில் பட்டால் அன்றைக்கு ஓட்டை விழாது. வெந்த இடம் சில நாள் கழித்துத்தான் பிய்யும். அதற்குள் அந்தப் பெண் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வயிறு உப்புசம், வாந்தி, துளை போட்ட இடத்தருகே கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவை அறிகுறிகள். காய்ச்சல் வந்தே தீரும் என்றில்லை. "கேஸ்தான், ஓமத் தண்ணி குடி" என்று வீட்டில் சொல்வது இந்த இடத்தில்தான் ஆபத்தாகிறது. வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும்; கூடினால் இரவானாலும் காத்திருக்கக் கூடாது.

கட்டி வெளியே வரும் வழி

பெரிய கட்டி சிறு துளை வழியே வராது. அதனால் மார்செலேட்டர் என்ற சுழலும் கத்தியால் துண்டாக்குவார்கள். சிதறிய துணுக்குகள் வயிற்றுக்குள் ஒட்டிக்கொண்டு மறுபடி வளரலாம். அதைவிடக் கொடுமை, ஃபைப்ராய்டு என்று நினைத்தது புற்றுநோயாக இருந்துவிடுவது. 2013இல் அமெரிக்காவின் பாஸ்டனில் மயக்கமருந்து நிபுணர் ஏமி ரீடுக்கு அதுதான் நடந்தது. அவரும் கணவரும் இந்தக் கருவிக்கு எதிராக நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, ஃபைப்ராய்டுக்காக ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு இப்படி மறைந்த சார்கோமா என்ற புற்றுநோய் இருக்கலாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014இல் எச்சரித்தது. அந்தக் கணக்கு அதிகம் என்று வாதிட்ட மருத்துவர்களும் உண்டு. ஏமி ரீட் 2017இல் இறந்தார். "துணுக்குகள் சிதறாதபடி ஒரு பைக்குள் வைத்துத்தானே துண்டாக்குவீர்கள்?" என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்கலாம். இதைக் கேட்கக் கூச்சம் எதற்கு? மாதவிடாய் நின்ற பிறகும் கட்டி வளர்ந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

அடுத்த பிரசவம்

கர்ப்பப்பைத் தையல் ஆற மாதங்கள் ஆகும். எப்போது கருத்தரிக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தழும்பு பலவீனமாக இருந்தால், அரிதாக, கர்ப்பகாலத்திலோ பிரசவ வலியின்போதோ கர்ப்பப்பை கிழியக்கூடும். எவ்வளவு ஆழத்திலிருந்து கட்டியை எடுத்தார்கள், கர்ப்பப்பையின் உள்ளறை திறந்ததா என்பது ஆபரேஷன் குறிப்பில் இருக்கும். சிசேரியன் தேவையா என்பதை முடிவு செய்ய அந்தத் தாள் வேண்டும். பில்லைப் பத்திரப்படுத்துகிற பலர் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை.