கடற்பக்கம் ஏழு முறை



யூலை 16ஆம் நாள் கார்மேல் அன்னையின் விழாவைச் சிறப்பிக்கின்றோம், உத்தரியம் அணிகின்றோம். ஆயினும் கார்மேல் என்பது ஒரு மலை என்பதையும், அங்கு இன்றும் காடு உண்டு என்பதையும் நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இஸ்ரயேலின் வடக்கே, மத்தியதரைக் கடலோரமுள்ள ஹைஃபா நகரிலிருந்து தென்கிழக்காக நீளும் இம்மலைத்தொடரின் உச்சி 546 மீற்றர். அதன் பெரும் பரப்பு இப்போது தேசிய பூங்கா. 1996ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இம்மலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது.

திருப்பயணிகள் பலர் எலியாவின் குகைமேல் எழுந்த ஹைஃபா ஆலயத்தைத் தரிசித்ததுடன் திரும்பிவிடுவர். உங்களுக்கு அங்கு செல்லும் வாய்ப்பு என்றாவது கிட்டுமாயின், மலைக்காட்டைக் கடந்து முக்ராக்கா வரை செல்லுங்கள். 'எரிந்த இடம்' என்பது அந்த அரபுப் பெயரின் பொருள். அங்குள்ள கார்மேல் துறவு மடத்தின் முற்றத்தில் வாளோங்கிய எலியாவின் சிலை உண்டு. படமெடுப்போர் அதனருகிலேயே நின்றுவிடுவர். நீங்களோ மொட்டைமாடிக்கு ஏறுங்கள். கிழக்கே இஸ்ரியேல் சமவெளியின் வயல்கள், மேற்கே கடல்.

நெருப்பைக் கேட்ட எலியாவுக்கு ஒரே மன்றாட்டில் அது கிடைத்தது. மழைக்கோ அவர் முழங்கால்களிடையே முகம் புதைத்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பணியாளர் ஆறு முறை கடலைப் பார்த்து வந்து, ஒன்றுமில்லை என்றார். (அவருடைய பெயரைக்கூட மறைநூல் கூறவில்லை.) ஏழாம் முறையே உள்ளங்கை அளவு மேகம் தெரிந்தது. நாமோ நெருப்பின் விரைவையே மன்றாட்டின் அளவுகோலாக்கிக் கொள்கின்றோம்.

2010ஆம் ஆண்டிலும் அம்மலையில் மழை பிந்தியது. திசெம்பர் மாதத் தொடக்கத்தில் கவனயீனத்தால் மூண்ட தீ, காய்ந்த காட்டில் நாட்கணக்கில் எரிந்தது. 44 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறைக்காவலர் பயிற்சி பெற்றுவந்தவர்கள். தீ நெருங்கிய சிறையொன்றிலிருந்து கைதிகளை வெளியேற்ற உதவும்படி பேருந்தில் விரைந்தவர்கள். காவல் புரிவோர், காவலிலிருப்போரைக் காக்கச் சென்ற வழியிலேயே மடிந்தனர். இதற்கு விளக்கம் கூற நான் முற்படவில்லை.

அக்காட்டின் பைன் மரங்களில் வருடக்கணக்காக மூடியே இருக்கும் காய்களும் உண்டு. தீயின் வெப்பத்தில் அவை திறந்து, சாம்பல்மீது விதைகளை உதிர்க்கின்றன. கருகிய கருவாலி மரங்களோ அடியிலிருந்து துளிர்க்கின்றன. எனினும் அவ்விதைகள் முளைக்க மழை வரவேண்டும்.

மாடியில் நீங்கள் நிற்கையில், நேரமாகிவிட்டதென்று பேருந்துச் சாரதி கீழிருந்து அழைக்கக்கூடும். மேற்கே இன்னுமொரு முறை பார்த்துவிட்டு இறங்குங்கள்.