செய்மதி அவதானக் கோப்புகளைச் சுருக்குதல்

ஒரு புள்ளியின் இருப்பிடத்தைத் துணிவதற்கு முக்கோண வலையமைப்பையும் கோணமானியையும் மட்டுமே நம்பியிருந்த காலம் கடந்துவிட்டது. இன்று நில அளவையாளர் ஒருவர் தெரிந்த புள்ளியெதுவும் அண்மையில் இல்லாத இடத்திலும் செய்மதி வாங்கியொன்றை முக்காலியின் மேல் நிறுத்திச் சில மணிநேரம் அவதானிக்கலாம். அத்தரவினை இணையத்தின்வழி ஒரு கணிப்பு நிலையத்துக்கு அனுப்பினால், சில சதமமீற்றர் செம்மையுடைய ஆள்கூறுகள் அவருக்குத் திரும்பி வருகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் புவிப்பரப்பு அளவை நிறுவகம் நடத்தும் ஓபஸ், அவுஸ்திரேலிய அரசின் ஜியோசயன்ஸ் அவுஸ்திரேலியா நடத்தும் ஓஸ்பொஸ், கனடா நாட்டு இயற்கை வளத் திணைக்களம் நடத்தும் சி.எஸ்.ஆர்.எஸ்.–பி.பி.பி. ஆகியன இத்தகைய சேவைகளாம். இவற்றுள் ஓஸ்பொஸ் உலகின் எப்பகுதியில் எடுக்கப்பட்ட தரவையும் ஏற்பதாகலின், நம் நாட்டு அளவையாளருக்கும் பயன்படத்தக்கது.

ஆயினும் நடைமுறையில் ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. தற்கால வாங்கிகள் திரட்டும் தரவுக் கோப்புகள் மிகப் பருத்தவை. வேகங் குறைந்த இணைப்பில் அவை முழுமையாகச் சென்றடைவதில்லை; சென்றடைந்தாலும் சேவையின் அளவெல்லையை மீறி நிராகரிக்கப்படுதலும் உண்டு. இந்நிலையில் கோப்பின் ஒரு பகுதியை அறியாது வெட்டியெறிபவர் ஒரு நாள் முழுவதும் வெயிலில் நின்று பெற்ற அவதானத்தையே பயனற்றதாக்கிவிடக்கூடும். முழ நிலத்துக்காகத் தலைமுறைகளாய் வழக்காடும் நம் சமூகத்தில் இது சிறு தவறன்று. எதனைக் குறைக்கலாம், எதனைத் தொடலாகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கோப்பு பருப்பது ஏன்?

வாங்கிகளை ஆக்கும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தமக்குரிய வடிவில் தரவைப் பதிவுசெய்கின்றன. இவற்றைப் பொதுவான ஒரு வடிவுக்குக் கொணரும்பொருட்டு, சுவிற்சர்லாந்தின் பேர்ண் பல்கலைக்கழகத்து வேர்ணர் குர்ட்னர் 1989ஆம் ஆண்டில் றைனெக்ஸ் எனும் வடிவத்தை வகுத்தார். அவ்வாண்டின் ஐரோப்பிய அளவை முயற்சியில் நான்கு நிறுவனங்களின் அறுபதுக்கு மேற்பட்ட வாங்கிகள் ஈடுபடுத்தப்பட்டமையே இதற்குத் தூண்டுதலாயிற்று. றைனெக்ஸ் கோப்பு மனிதர் படிக்கத்தக்க எழுத்துக் கோப்பாகும். எளிமையே அதன் சிறப்பு. பருமனே அதன் குறை.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். இவ்வடிவில் ஒவ்வோர் அவதானமும் 16 எழுத்திடங்களைக் கொள்ளும். ஒரு வாங்கி ஜி.பி.எஸ்., குளொனாஸ், கலிலியோ, பெய்டோ ஆகிய தொகுதிகளின் 30 செய்மதிகளை ஒருங்கே நோக்குகின்றது எனவும், ஒவ்வொரு செய்மதிக்கும் 12 அவதானங்களைப் பதிகின்றது எனவும் கொள்வோம். அப்போது ஒரு கணத்துக்குரிய பதிவு ஏறத்தாழ 5,900 எழுத்துகளாகும். செக்கனுக்கு ஒருமுறை பதிந்தால் எட்டு மணிநேரத்தில் 28,800 பதிவுகள் சேரும். கோப்பின் பருமன் ஏறத்தாழ 170 மெகாபைற்று ஆகும்.

2. கால இடைவெளியைக் கூட்டுதல்

சுருக்கும் வழிகளுள் முதன்மையானதும் தீங்கு குறைந்ததும் இதுவே. செக்கனுக்கொரு பதிவுக்குப் பதிலாக 30 செக்கனுக்கொரு பதிவை மட்டும் எஞ்சவிட்டால், மேற்கூறிய கோப்பு 6 மெகாபைற்றுக்கும் குறைந்துவிடும்.

முப்பதில் இருபத்தொன்பது பங்கை நீக்கினால் செம்மை கெடாதோ எனும் ஐயம் எழுதல் இயல்பே. அசையாத புள்ளியொன்றினைப் பொறுத்தவரை அது பெரிதும் கெடுவதில்லை. மாறன்மண்டலத்தின் நீராவியால் ஏற்படும் தாமதமும், சுவர் முதலியவற்றிற் பட்டுத் தெறித்து வரும் சைகைகளால் விளையும் வழுவும் ஒரு செக்கனில் மாறிவிடுவன அல்ல. பல நிமிடங்களில் மெல்ல மாறுவன. ஆகவே அடுத்தடுத்த செக்கன்களின் அவதானங்கள் பெரும்பாலும் ஒரே வழுவையே சுமந்து நிற்கின்றன. ஒரே சாட்சியை முப்பது முறை வினவுதல் முப்பது சாட்சிகளை வினவுதற்கு ஈடாகாது. செம்மையைத் தருவது செய்மதிகள் வானில் இடம்பெயர்வதால் உண்டாகும் கேத்திரகணித மாற்றமாகும். அதற்கு வேண்டியது நெடுநேர அவதானம். ஓபஸ் சேவையின் நிலைத்த முறை, நாம் எவ்வளவு நெருக்கமாகப் பதிந்து அனுப்பினும், தானே அதனை 30 செக்கன் இடைவெளிக்குக் குறைத்தே கணிக்கின்றது.

ஈண்டு மூன்று விதிகளைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, பதிவுகளைத் தெரிந்தெடுக்க வேண்டுமேயன்றிச் சராசரி காணலாகாது. இரண்டாவது, நிமிடத்தின் 0ஆம், 30ஆம் செக்கன்களுக்குரிய பதிவுகளையே தெரிதல் வேண்டும்; உலகின் நிலைத்த ஆதார நிலையங்களின் அன்றாடக் கோப்புகள் அக்கணங்களையே கொண்டுள்ளன. மூன்றாவது, வாங்கி ஒரு செய்மதியின் சைகையை இடையில் இழந்து மீளப் பற்றினால் அதற்கோர் அடையாளம் இடப்படும். அவ்வடையாளம் நீக்கப்படும் பதிவொன்றில் அமைந்திருப்பின், எஞ்சும் அடுத்த பதிவுக்கு அது மாற்றப்படல் வேண்டும். எழுத்துத் திருத்தியிற் கோப்பைத் திறந்து கையால் வரிகளை நீக்குவோர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேயே.

3. வேண்டாத தொகுதிகளையும் அவதானங்களையும் நீக்குதல்

சேவை பயன்படுத்தாத செய்மதித் தொகுதிகளை அனுப்புதல் வீண் சுமையாகும். ஜி.பி.எஸ். ஒன்றையே கணிக்கும் சேவைக்குப் பத்துச் செய்மதிகளின் தரவை மட்டும் அனுப்பின், நம் உதாரணக் கோப்பு ஏறத்தாழ 2 மெகாபைற்றாகக் குறையும். தொப்ளர் அளவீட்டையும் சைகை வலிமையையும் நீக்கி, இரு மீடிறன்களுக்குரிய குறியீட்டுத் தூரத்தையும் காவியலை அவத்தையையும் மட்டும் வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 0.7 மெகாபைற்றாகும்.

ஆனால் ஓர் எல்லை உண்டு. ஜி.பி.எஸ். செய்மதிகள் 1575.42, 1227.60 மெகாஹேட்ஸ் எனும் இரு மீடிறன்களில் சைகை விடுக்கின்றன. அயன்மண்டலத்தால் விளையும் தாமதம் மீடிறனுக்கேற்ப வேறுபடுவதால், இரண்டையும் இணைத்தே அத்தாமதத்தை நீக்க முடிகின்றது. பருமனைக் குறைக்கும் ஆவலில் இரண்டாம் மீடிறனை நீக்குபவர் செம்மையின் அடித்தளத்தையே அகற்றுகின்றார். அயன்மண்டலக் குழப்பம் மிகுந்த காந்த மத்தியகோட்டுப் பகுதியில் அமைந்த இலங்கையில் இத்தவறு பன்மடங்கு பெரிதாகும்.

4. அவதான நேரத்தைக் குறைத்தல்

கோப்பின் முற்பாதியையோ பிற்பாதியையோ வெட்டியெறிதல் எளிது; ஆயின் விரும்பத்தக்கதன்று. ஓபஸின் நிலைத்த முறைக்கு 2 மணிநேரத்துக்குக் குறையாத அவதானம் வேண்டும்; 48 மணிநேரத்தை மீறவுங் கூடாது. ஓஸ்பொஸ் குறைந்தது 1 மணிநேரத்தை வேண்டி, 2 மணிநேரத்தைப் பரிந்துரைக்கின்றது. எட்டு மணிநேரக் கோப்பை ஒரு மணிநேரமாக வெட்டினால் பருமன் எட்டிலொன்றாகும். ஆனால் உயரத்தின் செம்மை வெகுவாகக் கெடும். அதே கோப்பை 30 செக்கன் இடைவெளிக்குக் குறைத்தால் பருமன் முப்பதிலொன்றாகும். செம்மையோ ஏறத்தாழ அப்படியே நிற்கும். எனவே, நேரத்தை வெட்டாது நெருக்கத்தைத் தளர்த்துக என்பதே பொது விதியாம். வாங்கியை நிலைப்படுத்து முன்னர்ப் பதிவான தொடக்கப் பகுதியையும், கழற்றும்போது பதிவான இறுதிப் பகுதியையும் நீக்குதல் மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

5. இழப்பின்றிச் சுருக்குதல்

மேற்கூறிய முறைகள் யாவும் தரவின் ஒரு பகுதியை இழப்பன. எதனையும் இழக்காத முறையொன்றை யப்பானியப் புவியியல் அளவை நிறுவகத்தைச் சேர்ந்த யூகி ஹற்றனாக்கா ஆக்கினார். அதன் தத்துவம் எளியது. 100, 121, 144, 169, 196 எனும் தொடரை நோக்குக. அடுத்தடுத்த எண்களின் வித்தியாசங்கள் 21, 23, 25, 27. அவற்றின் வித்தியாசங்கள் 2, 2, 2. மீண்டும் வித்தியாசம் காணின் 0, 0. செய்மதியின் தூரமும் இவ்வாறே ஒழுங்காக மாறுவதாகலின், பெரிய எண்களுக்குப் பதிலாக அவற்றின் வித்தியாசங்களைப் பதிந்தால் சில இலக்கங்களே போதும். மாறாத எழுத்துகளை மீள எழுதாது விடுவதால் பருமன் மேலும் குறைகின்றது. இவ்வாறு பெற்ற கோப்பினை ஜிசிப் போன்ற பொது முறையால் மீண்டும் சுருக்கலாம். மூலக் கோப்பைப் பிழையின்றி மீளப் பெறுதலும் இயலும். ஓபஸ், ஓஸ்பொஸ் முதலியன இவ்வடிவை நேரடியாகவே ஏற்கின்றன.

6. கருவிகளும் சரிபார்த்தலும்

இப்பணிகளுக்கு அமெரிக்காவின் யுனாவ்கோ ஆக்கிய ரெக் எனும் நிரல் நெடுங்காலம் பயன்பட்டது. 2019ஆம் ஆண்டுடன் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. புதிய றைனெக்ஸ் பதிப்புகளுக்கு யேர்மனியின் பொற்ஸ்டாம் புவியியல் ஆய்வு நிலையம் ஆக்கிய ஜி.எஃப்.சற்.றைனெக்ஸ் ஏற்றது.

சுருக்கிய பின்னர்க் கோப்பின் தலைப்பகுதியைப் படித்தல் வேண்டும். இடைவெளி, அவதான வகைகள், அலைக்கம்பத்தின் வகை, உயரம் ஆகியன சரியாயுள்ளனவா என நோக்குக. எட்டு மணிநேரத்துக்கு 30 செக்கன் இடைவெளியில் 960 பதிவுகள் இருத்தல் வேண்டும். கணிசமாகக் குறையின் எங்கோ தவறு நேர்ந்துள்ளது.

முடிவாக ஒன்று கூறல் வேண்டும். சுருக்கிய கோப்பு அனுப்புதற்குரியது. மூலக் கோப்பு பேணுதற்குரியது. இச்சேவைகள் தரும் ஆள்கூறுகள் புவி முழுவதற்குமான சட்டகத்தில் அமைவன. அவற்றை நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு அளவை ஆதாரத்துக்கு மாற்றியே வரைபடத்தில் இடவேண்டும். அன்றியும், இலங்கை அமைந்துள்ள புவித்தட்டு அச்சட்டகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதமமீற்றர் வடகிழக்காக நகர்கின்றது. பத்தாண்டில் அது அரை மீற்றராகும். எல்லைக் கல் பிடுங்கப்பட்ட பின்னரோ கணிப்பு முறைகள் திருந்திய பின்னரோ ஓர் அளவையை மீளக் கணிக்க நேரின், திகதியுடன் கூடிய முழு மூலத் தரவே நமக்குச் சாட்சியாகும். சுருக்கிய பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பவர், பின்வரும் அளவையாளருக்குச் சேரவேண்டிய அச்சாட்சியைத் தம் கையாலேயே அழித்தவராவர்.